ஈரப் புல் ரன்வேயில் செஸ்னா 152 நிற்க மாட்டேங்குது: கணக்கில் எங்கே பிழை?

குமுளி:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் ஜனவரிப் பயிற்சி, செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சின்ன விமானத்தில். புல் ரன்வே 650 மீட்டர், நம்ம கேரளத்து வண்டிப்பெரியார் சத்திரம் ரன்வே நீளம்தான். கையேட்டு அட்டவணைப்படி 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்க 370 மீட்டர். புல்லுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 425. இன்னும் 225 மீட்டர் மிச்சம் இருக்கணும். ஆனா மழை விட்ட மறுநாள் வேலிக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்குது. பிரேக் மிதித்தால் சக்கரம் சறுக்குது. குளிர்ந்த காற்றுக்குத் தூரம் குறையத்தானே செய்யணும்?

வாளையாறு:
குளிரின் லாபம் அட்டவணையிலேயே வந்தாச்சு தம்பி, இன்னொரு தடவை கழிக்காதீங்க. பிழை அந்த 15-ல். அது காய்ந்த புல்லுக்கு. பிரிட்டிஷ் விமானத் துறையின் பாதுகாப்புக் கையேடு ஈரப் புல்லுக்கு 35 சதவீதம் சொல்லுது. ஒட்ட வெட்டின ஈரப் புல் என்றால் 60 வரை போகலாம். அதற்கு மேல் 1.43 பாதுகாப்புக் காரணி. 370 × 1.35 × 1.43 = 714 மீட்டர். 60 சதவீதம் போட்டால் 847. ரெண்டுமே 650-ல் அடங்காது. உங்க மிச்சம் 225 மீட்டர் காகிதத்தில்தான் இருக்கு.

செஸ்னா கையேட்டின் அடிக்குறிப்பில் காய்ந்த புல்லுக்கு 45 சதவீதம் என்று இருக்கும். அது தரையில் ஓடும் தூரத்துக்கு மட்டும். 150 மீட்டர் ஓட்டத்துக்கு 68 கூடும், மொத்தம் 438. உங்க 425-க்குப் பக்கத்தில்தான் வருது. ரெண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். ஈரத்துக்கு அந்தக் குறிப்பு உதவாது.

செங்கோட்டை:
வேகத்தையும் பாருங்க. பிளாப் (இறக்கையின் பின்பக்க மடல்) 30 டிகிரியில் குறுகிய ரன்வேக்கு 54 நாட். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 60-ல் வந்தால் வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஓட்டம் 23 சதவீதம் கூடும். தரை தொடாமல் மிதந்து போற தூரம் அது போக.

குமுளி:
அப்போ இறங்கினதும் மூக்கை அழுத்தி பிரேக்கை இறுக்கிப் பிடிக்கலாமா?

செங்கோட்டை:
வேண்டவே வேண்டாம். மூக்குச் சக்கரம் சேற்றுக் குழியில் புதைந்தால் கால் மடங்கும், புரொப்பல்லர் மண்ணை வெட்டும். புரொப்பல்லர் நுனி லேசாக வளைந்தது போலத் தெரிந்தாலும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் பறக்கக் கூடாது. பின் சக்கரங்கள் முதலில் தொடணும், யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடி) பின்னால் இழுத்தே வச்சிருக்கணும். மூக்கு தானா இறங்கின பிறகு பிளாப்பை ஏற்றுங்க, எடை சக்கரத்துக்கு வரும். பிரேக்கை விட்டு விட்டு லேசா மிதிங்க. பூட்டின சக்கரம் ஈரப் புல்லில் பனிச்சறுக்குப் பலகைதான்.

வாளையாறு:
ரன்வேயை நடந்து பாருங்க. காலை 9 மணிக்கு உறைபனியில் கல்லாக இருக்கும் தரை, 11 மணிக்கு மேல்பரப்பு இளகி வழுக்கும். சக்கர உறைக்குள் சேறு அப்பி ராத்திரி உறைந்தால் மறுநாள் சக்கரம் சுற்றாது. குளிர்காலத்தில் உறையைக் கழற்றி வைப்பதே உத்தமம். வெயிலையும் சும்மா விடாதீங்க. டிசம்பர் கடைசியில் தென் இங்கிலாந்தில் உச்சிவேளைச் சூரியனே சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு நோக்கி இறங்கினால் கண் கூசி எப்போது மூக்கைத் தூக்குவது என்றே பிடிபடாது.

குமுளி:
திரும்ப எழும்புவது என்றால் எப்போ முடிவு எடுக்கணும்?

வாளையாறு:
ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 215 மீட்டருக்குள், சக்கரம் தொடலைன்னா உடனே. ஓரத்தில் ஒரு மரத்தையோ கொட்டகையையோ முன்னாடியே அடையாளம் வச்சுக்கோங்க. த்ராட்டில் முழுசா, கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் அமைப்பு) அணை, பிளாப் 20-க்கு, 55 நாட். மிச்சப் பிளாப்பை மேலே போன பிறகு கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ஈரக் காற்றில் கார்புரேட்டரில் பனி கட்டும், அதனால் இறங்கும்போது பவரைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட் போட்டிருக்கணும். அதை மறந்தால் த்ராட்டிலைத் தள்ளும்போது இன்ஜின் இருமும். சக்கரம் தொட்டு பிளாப்பை ஏற்றி பிரேக்கும் மிதிச்சாச்சு என்றால் திரும்ப எழும்ப நினைக்காதீங்க. வேலியில் மெதுவா முட்டுறது அதைவிடத் தேவலை.