மறு: டிராகன் பழக் கொடியின் பேரினப் பெயர்

ஐயா, வணக்கம்.

> செலினிசீரியஸ் – நிலாக்கள்ளி. கிரேக்கத்தில் செலீனி என்றால் நிலா.

டிராகன் பழக் கொடியின் பேரினத்துக்கு (genus) நீங்கள் தமிழில் முன்மொழிந்த இந்த 'நிலாக்கள்ளி' மூலச்சொல்லுக்குப் பொருந்துகிறது, சரி. ஆனால் மூலச்சொல்லே நிலையாக இல்லையே. 1830-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹாவொர்த் இந்தச் செடியை சீரியஸ் பேரினத்தில் வைத்தார், பிறகு ஹைலோசீரியஸ் ஆயிற்று, 2017-இல்தான் செலினிசீரியஸ். ஹைலோ என்றால் காடு. பத்து வருடம் முன்பு இந்த இழை ஓடியிருந்தால் 'காட்டுக்கள்ளி' என்று முடித்திருப்போம்.

அப்புறம், நர்சரியில் 'மூன் காக்டஸ்' கேட்டுப் பாருங்கள். சிவப்பு உருண்டை வைத்த சின்னத் தொட்டியைத் தருவார்கள். உருண்டை வேறு பேரினம். அதைத் தாங்கும் முப்பட்டைப் பச்சைத் தண்டுதான் பெரும்பாலும் நம் செடி. பெயர் மேலே, ஆள் கீழே!

இரவில் பூப்பதை வைத்துப் பெயரிடவும் மனம் வரவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் பெயின்ட் டிரம்மில் ஒன்று இருக்கிறது. போன ஆடியில் ராத்திரி பத்து மணிக்கு ஓரடி நீள வெள்ளைப் பூ விரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிரம்ம கமலம் என்று கும்பிட்டே விட்டார். அவர் வீட்டில் அந்தப் பெயரில் வளர்வது நிஷாகந்தி, தட்டைத் தண்டுக் கள்ளி. அதுவும் இரவில் வெள்ளையாகத்தான் பூக்கும். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில், சூரியகாந்திக் குடும்பத்தில் இருக்கிறது. வெயில் ஏறியதும் என் பூ துவண்டுவிட்டது, அக்காவுக்குத்தான் வருத்தம்.

ஆண்டு முழுக்கக் கண்ணில் படுவது அது ஏறும் விதம். வெற்றிலை, மிளகு போலத் தண்டிலிருந்து பற்றுவேர் விட்டுச் சுவரைப் பிடிக்கிறது. டேங்க் பைப்பையும் விடவில்லை. ஆகவே பேரினத்துக்கு 'பற்றுக்கள்ளி'. ஹாவொர்த் வைத்த 'உண்டேட்டஸ்' என்ற அடைமொழி மட்டும் இத்தனை மாற்றத்திலும் நிலைத்திருக்கிறது; தண்டின் விளிம்பு அலை அலையாக இருப்பதைச் சொல்வது. சிற்றினத்துக்கு 'அலைவிளிம்புப் பற்றுக்கள்ளி'.

*

தம்பி, கொடிக்கள்ளி போதாதா? பற்று என்றால் எனக்கு வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. பழத்துக்கு என்ன செய்வதாக உத்தேசம்?

*

கொடிக்கள்ளி ஏற்கெனவே பால் வடியும் வேறொரு கொடிக்கு வழங்குகிறது, ஐயா. பற்றுவேரை ஏற்ற பாடநூல் பற்றுக்கள்ளியையும் ஏற்கும். பழத்தைத் தொட வேண்டாம். குஜராத் அரசு 2021-இல் 'கமலம்' என்று மாற்றியது, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு தள்ளுவண்டியில் இன்னும் டிராகன்தான்.