சீனாவின் போலீஸ், நீதித்துறைகளைக் கையில் வைத்திருந்த முன்னாள் தலைவர் சோவ் யோங்காங்கின் ஊழல் வழக்கு: உங்களை இன்னும் உறுத்தும் இடம் எது?

வடவாசல்:
2015 ஜூன் 11, சீன அரசுத் தொலைக்காட்சியில் செய்தி. தியான்ஜின் நகர நீதிமன்றத்தில் சோவ் நிற்கிறார், தலை முழுக்க வெள்ளை. 2013 அக்டோபரில் பெட்ரோலியப் பல்கலைக்கழக விழாவுக்கு வந்தபோது கருகருவென்று இருந்த தலை! ஆயுள் தண்டனையைக் கேட்டுவிட்டு மேல்முறையீடும் வேண்டாம் என்கிறார். மே 22-லேயே விசாரணை முடிந்திருக்கிறது. ஊருக்குச் சொன்னது தீர்ப்பன்றுதான்.

கணக்கப்பிள்ளை:
முடியை விடுங்க, தீர்ப்பைப் படிங்க. லஞ்சம் மொத்தம் சுமார் 12.98 கோடி யுவான். அவரே நேரில் வாங்கியது 7,31,100 மட்டும். மற்றதெல்லாம் மனைவி, மகன் வழியாக. கதவை மூடி விசாரித்ததற்குக் காரணம் பணம் இல்லை, ரகசிய ஆவணங்கள். சித்து வேலைக்குப் பேர்போன சாவோ யோங்ஜெங்கிடம் அவற்றைக் கொடுத்தார் என்பது தனிக் குற்றச்சாட்டு.

மூன்றாம்கரை:
ரெண்டு பேருமே ஆளைப் பார்க்கறீங்க, நாற்காலியைப் பாருங்க. 2007 முதல் 2012 வரை, கம்யூனிஸ்ட் கட்சியின் உச்ச அமைப்பான ஒன்பது பேர் நிலைக்குழுவில் அரசியல்-சட்ட ஆணையச் செயலாளருக்கும் ஓர் இடம். அந்தச் செயலாளர் சோவ்தான். போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் மூன்றும் அவர் பார்வையில். 2011 பட்ஜெட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு 62,440 கோடி யுவான், ராணுவத்துக்கு 60,110 கோடி. (அந்த முதல் தொகையில் நீதிமன்றச் செலவும் அடங்கும், அதை மறந்துவிட்டு ஒப்பிடாதீங்க.) 2012 நவம்பரில் குழு ஏழாகச் சுருங்கியது. அடுத்து செயலாளராக வந்த மெங் ஜியான்ஜுவுக்கு ஒரு படி கீழே உள்ள அரசியல் குழுவோடு சரி, நிலைக்குழுவில் இடமில்லை. ஆள் மாட்டுவதற்கு முன்பே நாற்காலியின் காலை வெட்டிவிட்டார்கள்.

தாழ்வாரம்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இனி இப்படி ஒரு வழக்கு வந்தால், முதலில் அவர் எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு எண்ணெய்த் துறை, சிச்சுவான் மாகாணம், போலீஸை நடத்தும் பொதுப் பாதுகாப்பு அமைச்சு. அங்கெல்லாம் இருந்த இவருடைய ஆட்கள்தான் முதலில் சிக்கினார்கள்: 2012 டிசம்பரில் சிச்சுவானின் லி சுன்செங். 2013 செப்டம்பரில் எண்ணெய்த் துறையின் ஜியாங் ஜியெமின். அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சின் துணை அமைச்சர் லி தோங்ஷெங். மூன்று பக்கமும் அடைத்த பிறகுதான் 2014 ஜூலை 29-ல் இவர் மீது விசாரணை என்று பெயரை அறிவித்தார்கள்.

அடுத்து அறிவிப்புகளின் வரிசை. கட்சியின் ஒழுங்கு ஆணையம் முதலில், நீதிமன்றம் கடைசியில். 2014 டிசம்பரில் கட்சியிலிருந்து நீக்கம், கையோடு கைது. 2015 ஏப்ரலில் குற்றப்பத்திரிகை. கட்சி நீக்கிவிட்டால் தீர்ப்பில் விடுதலை எதிர்பார்க்காதீர்கள், எவ்வளவு தண்டனை என்பது மட்டுமே பாக்கி. வழக்கு எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள்: அவருக்கு ஆள்பலம் இருந்த சிச்சுவானுக்குக் கொடுக்காமல் தியான்ஜினுக்குக் கொடுத்தார்கள்.

வடவாசல்:
தாழ்வாரம், அந்த வரிசை சுன் லிஜுன் வழக்குக்கும் அப்படியே பொருந்துகிறது. லி தோங்ஷெங் இருந்த அதே அமைச்சு, அதே துணை அமைச்சர் பதவி, 2022 செப்டம்பரில் தீர்ப்பு.