பற்சட்டம் பொருத்துதலும் ‘துள்ளுதிரும்பல்’ என்ற சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கட்டும் காரில் ஸ்டியரிங் ராக்கை, அதாவது ஸ்டியரிங்கைச் சுழற்றும்போது இடமும் வலமும் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பல்வைத்த சட்டத்தை, பொருத்தும் முறையைத் தமிழில் எழுதி வருகிறேன். மற்ற உறுப்புகளுக்குச் சொல் தேடுவது பெரிய சிரமமாக இருக்கவில்லை. ராக்குக்குப் ‘பற்சட்டம்’ முன்பே வழக்கில் இருக்கிறது. அதை நகர்த்தும் பினியனுக்குச் ‘சிறுபற்சக்கரம்’ போதும். பற்சட்டத்தின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை ‘இணைப்புத்தண்டு’ என்று எழுதினால் பட்டறையில் வேலை செய்பவருக்கும் புரிகிறது. ‘பம்ப் ஸ்டியர்’ என்ற இடத்தில்தான் எழுத்து நின்றுவிட்டது. இதற்கு ‘மேட்டுத்திருப்பம்’, ‘அதிர்வுத்திருப்பம்’ என இரண்டு சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்து, அதற்கான காரணத்தையும் விளக்க விரும்புகிறேன்.

ஓட்டுநர் ஸ்டியரிங் வளையத்தைத் தொடாமலே, சக்கரம் மேலே ஏறும்போதோ கீழே இறங்கும்போதோ தானாகச் சற்றுத் திரும்பிவிடுவதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறோம். இரட்டைக் கைகள் கொண்ட, அதாவது பட்டறையில் ‘ஏ ஆர்ம்’ எனப்படும் மேற்கையும் கீழ்க்கையும் கொண்ட முன்சக்கரத் தொங்கலில் (சஸ்பென்ஷனில்), சக்கரத்தைத் தாங்கும் உறுப்பு அவ்விரு கைகளும் விதிக்கும் பாதையில் ஏறி இறங்குகிறது. இணைப்புத்தண்டின் வெளிமுனையோ, பற்சட்டத்தின் முனையிலுள்ள உள்மூட்டை மையமாகக் கொண்ட வில்லில் மட்டுமே நகர முடியும். இந்த இரண்டு பாதைகளும் ஒத்துப்போகாவிட்டால், தண்டு சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். வெளிமூட்டு மேல், கீழ்ப் பந்துமூட்டுகளை (பால் ஜாயின்ட்களை) இணைக்கும் கோட்டிலும், உள்மூட்டு இரு கைகளும் காரின் சட்டத்தோடு (சேஸியோடு) சேரும் பக்கத்து அச்சுகளை இணைக்கும் கோட்டிலும் அமைந்து, தண்டை நீட்டினால் அந்தக் கோடு இரு கைகளின் நீட்டுக்கோடுகள் சந்திக்கும் புள்ளியையே சென்றடையுமானால், இத்தொல்லை ஏறக்குறைய இல்லாமல் போகும்.

தொழிற்சாலைக் காரில் இதை வடிவமைப்பாளரே கணக்கிட்டுவிடுகிறார். வீட்டில் கட்டும் காரில் பற்சட்டம் பெரும்பாலும் வேறொரு காரிலிருந்து வருகிறது. லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் விளையாட்டுக் காரின் மரபில் கட்டப்படும் கார்கள் பலவற்றில் ஃபோர்டு எஸ்கார்ட்டின் பற்சட்டம் பொருத்தப்படுகிறது. அந்த எஸ்கார்ட்டோ, மேற்கை இல்லாமல் அதிர்வுதாங்கித் தண்டே சக்கரத்தின் மேற்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் தொங்கல் கொண்டது. அதன் இரு உள்மூட்டுகளுக்கு இடையிலான அகலம், இரட்டைக் கைகள் கொண்ட நம் சட்டத்தின் அச்சுகளோடு தானாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான் முதன்முதலில் பற்சட்டத்தைப் பொருத்தியபோது, அதைத் தாங்கும் கட்டைகளைச் சட்டத்தின் மேல் எளிதாக உட்கார்ந்த இடத்திலேயே துளையிட்டு இறுக்கிவிட்டேன். பிறகு சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்தி, சக்கரத்தோடு இறுக்கிய தட்டைப் பலகையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அளந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மேலே ஏறும்போது சக்கரம் வெளிப்புறம் விரிந்தது. கீழே இறக்கினால் உட்புறம் குவிந்தது. அது உயரத்தில் நேர்ந்த பிழை. கட்டைகளின் அடியில் வைக்கும் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதைச் சரிசெய்ய முடிந்தது. மாறாக, ஏறினாலும் இறங்கினாலும் சக்கரம் ஒரே பக்கமாகவே திரும்புமானால், தண்டின் நீளத்தில், அதாவது உள்மூட்டுகளின் அகலத்தில் பிழை இருக்கிறது என்று பொருள். அதைத் தகடு வைத்துத் தீர்க்க முடியாது, பற்சட்டத்தின் நீளத்தையே மாற்ற வேண்டும். கட்டைகளுக்குள் ரப்பர் வளையம் இருந்தால் பற்சட்டமே பக்கவாட்டில் நகர்ந்து அளவைக் கெடுத்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு விவரமும் சொல்லுக்காகத்தான். ‘மேட்டுத்திருப்பம்’ என்றால் மேட்டில் மட்டும் நிகழ்வது என்றாகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும், பிரேக் பிடித்து முன்பகுதி அமிழும்போதும் இது நிகழ்கிறதே! பிழையின் வகையைக் கண்டுபிடிப்பதே ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் என்னும்போது, அவற்றில் ஒன்றை மறைக்கும் சொல் கற்பவரைத் தவறாக வழிநடத்தும். ‘அதிர்வு’ பொருந்தாது, ஜாக்கால் மெதுவாக உயர்த்தும்போது எந்த அதிர்வும் இல்லை, திரும்புதல் மட்டும் இருக்கிறது. ‘ஆட்டம்’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் பட்டறையில் ‘பால் ஜாயின்ட்ல ஆட்டம் இருக்கு’ என்றால் தேய்மானத்தால் வந்த தளர்வு. அந்த நல்ல சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

‘திருப்பம்’ என்ற பின்பாதியும் எனக்கு நெருடுகிறது. சாலை வளைவும் கதையின் மாற்றமும் நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் ‘திருப்பு’ பிறவினை, ‘திரும்பு’ தன்வினை. ஓட்டுநர் வளையத்தைச் சுழற்றிச் சக்கரத்தைத் திருப்புகிறார், அது திருப்பல். ஓட்டுநர் ஒன்றும் செய்யாதபோது சக்கரம் தானே திரும்புகிறது, அது திரும்பல். ஒரு மெய்யெழுத்தை மாற்றியே செய்பவரின் பொறுப்பையும் பொருளின் போக்கையும் பிரித்துக்காட்டும் வசதி நம் மொழியில் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

ஆகவே, ‘துள்ளுதிரும்பல்’ என்று முன்மொழிகிறேன். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது, எனவே ‘துள்ளுத்திரும்பல்’ என்று எழுதுவது பிழை. துள்ளுதல் மேல்நோக்கியது மட்டும்தானே என்ற மறுப்பு எழலாம். கன்று துள்ளுகிறது, மீன் துள்ளுகிறது என்னும்போது எழுவதும் விழுவதும் சேர்ந்தே மனத்தில் தோன்றுகின்றன. வண்டி துள்ளுகிறது என்று பயணிகள் சொல்வதும் அப்படித்தான். இன்னொரு வசதியும் உண்டு. வளைவில் வண்டியின் உடல் ஒரு பக்கம் சாயும்போது சக்கரங்கள் தாமாகத் திரும்புவதை ‘ரோல் ஸ்டியர்’ என்கிறார்கள். அதற்குச் ‘சாய்திரும்பல்’ என்று இதே வார்ப்பில் சொல் கிடைத்துவிடுகிறது.

என் கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பம்ப் ஸ்டியர் என்ற வழக்குச்சொல்லையும் அருகில் வைத்து, பிறகு துள்ளுதிரும்பல் என்றே எழுத எண்ணியிருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள், மாற்றுச் சொல்லோடு அது இறக்கத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். தகடுகளை ‘அடைதகடு’ என்பதா, ‘உயர்த்துதகடு’ என்பதா என்பதிலும் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. இப்போதைக்குத் தகடு என்றே விட்டிருக்கிறேன்.

அன்புடன்.