தொப்பி ஊசியின் கூர்முனைக்கு அலங்கார மூடி: கழன்று விழாமல் இருக்க என்ன வழி?

பெரம்பூர் தொப்பி

கல்யாணம், ஈஸ்டர், ஸ்கூல் டிராமான்னு பெரம்பூர், ராயபுரம் பக்கம் லேடீஸ் தொப்பிக்கு ஆர்டர் வருது. கொண்டையில் கோத்து நிறுத்துற ஊசியும் கூடவே கேக்குறாங்க. ஸ்டீல் கம்பி, 1 மில்லிமீட்டர் கனம், 20 செ.மீ. நீளம், தலையில் 10 மி.மீ. முத்து. கூர்முனை தொப்பிக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கிறதால அதுக்கும் தலைக்கு மேட்ச்சா ஒரு முத்து மூடி வேணும்.

இப்ப செய்றது: துளை போட்ட முத்துக்குள்ள பென்சில் ரப்பர் துண்டை அடைச்சு ஃபெவிக்விக் விட்டு ஒட்டுறது. மூணு பிரச்சினை. கொஞ்ச நாள்ல ரப்பர் பிசுபிசுன்னு ஆகி முத்தோட உள்பக்கம் உருகின மாதிரி ஆயிடுது. அழுத்தி மாட்டினா ஊசி முத்தோட மறுபக்கம் எட்டிப் பாக்குது. சிலது தலையை ஆட்டினாலே கழண்டு விழுது. ஆர்டினரி ரப்பர் வாஷரை வெட்டிப் போட்டா சுத்தி இருக்கிற பித்தளைப் பூ கறுத்துப்போகுது.

பார்க்க அழகா, பிடிச்சா நிக்கிற மாதிரி எப்படிச் செய்யலாம்? என்ன சாமான், எங்க கிடைக்கும்?

கம்பிப் பட்டறை

மேடம், முத்தை வெச்சு யோசிக்கிறதாலதான் சிக்கல். மூடியோட வேலை எல்லாம் உள்ளே இருக்கிற குழாய்க்கு. முத்து வெறும் சட்டை. ஊசியைப் பிடிக்க ஒண்ணு, முனையைத் தடுக்க ஒண்ணுன்னு ரெண்டு தனித்தனிப் பொருள் வேணும். ரெண்டையும் ரப்பரே செய்யணும்னா அது செய்யாது; கூர்முனை எந்த ரப்பரையும் துளைச்சுட்டுப் போயிடும்.

ஒரு மூடிக்கு வேண்டியது: வெளிவிட்டம் 3 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. பித்தளைக் குழாய் 12 மி.மீ. நீளம், 2 மி.மீ. பித்தளைக் கம்பி 2 மி.மீ. துண்டு, 2 மி.மீ. சிலிகான் கயிறு (உள்ளே ஓட்டை இல்லாத கெட்டி ரகம்) 6 மி.மீ.; 12 மி.மீ. அக்ரிலிக் முத்து ஒண்ணு. பூ மூடி (முத்தோட ரெண்டு பக்கமும் வைக்கிற பித்தளைப் பூ) ரெண்டு.

முதல்ல கம்பித் துண்டைக் குழாயோட ஒரு நுனியில் செருகி ஈயப்பற்று வைங்க. அதுதான் தடுப்பு. ஆறினதும் அரத்தால் ராவி மட்டமாக்குங்க. குழாயோட வாய்ப்பக்கம் 5 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலேயே ரெண்டு சுத்து சுத்தினா உள்விளிம்பு சரிவா வரும். ஊசியை மாட்டும்போது முனை விளிம்புல இடிக்காம வழுக்கி உள்ளே போகும். அப்புறம் சிலிகான் துண்டைச் செருகுங்க. வாயிலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளி நிக்கணும். மறுபக்கம் தடுப்புக்கும் சிலிகானுக்கும் நடுவுல 3 மி.மீ. காலியா இருக்கும். அந்த இடத்தை அடைச்சுடாதீங்க. பலர் "இன்னும் கொஞ்சம் ரப்பர் வெச்சா இன்னும் கெட்டியா பிடிக்கும்"னு நிறைய அடைப்பாங்க. ரப்பர் அமுங்காது, நகரத்தான் செய்யும். 1 மி.மீ. ஊசி உள்ளே போனா 6 மி.மீ. துண்டு ஏறக்குறைய 8 மி.மீ. ஆக நீளும். அது நீள இடமில்லன்னா ஊசியையே வெளியே தள்ளும், இல்ல வாய் வழியாப் பிதுங்கும். உங்க மூடி தலையை ஆட்டினா விழறதுல பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

சிலிகான் துண்டு பித்தளைக் குழாயோட சாதாரணப் பசையில ஒட்டாது. அரால்டைட்டும் பிடிக்காது, ஃபெவிக்விக்கும் பிடிக்காது. அதனால வாயிலிருந்து 4 மி.மீ. கீழே, எதிரெதிரா ரெண்டு இடத்துல பிளேயரோட மழுங்கின மூக்கால லேசா ஒரு அமுக்கு. வெளியே தொட்டா பள்ளம் விரலுக்குத் தெரியணும், கண்ணுக்குப் பெரிசாத் தெரியக் கூடாது. அவ்வளவு போதும், துண்டு வெளியே வராது. கூட அமுக்கினா ஊசி வளைஞ்சு பக்கவாட்டுல போய்க் குழாய்ச் சுவரைச் சுரண்டும்.

ராயபுரம் மணிக்கோர்வை

கம்பிப் பட்டறை அண்ணன் சொன்ன குழாய் முறைதான் சரி. முத்துப் பக்கம் நான் சேர்த்துக்கிறேன்.

கண்ணாடி முத்துல 3 மி.மீ. துளை போட முயற்சியே பண்ணாதீங்க; வைரத்தூள் பிட் இல்லாம விரிசல் விடும். அக்ரிலிக் அல்லது மரமணி எடுத்துக்குங்க. முதல்ல 2 மி.மீ. பிட், அப்புறம் 3.2 மி.மீ. பிட். வேகத்தைக் குறைச்சு, நடுநடுவே பிட்டை வெளியே எடுத்து ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. வேகமா ஓட்டினா அக்ரிலிக் உருகி பிட்ல சுத்திக்கும், துளை முட்டை வடிவத்துல போகும். முத்துப் பூச்சு உரியாம இருக்க துளை போடுற இடத்துல செல்லோடேப் ஒட்டிட்டு அதுக்கு மேலேயே துளைங்க.

ஒட்டுறதுக்கு இரண்டு டியூப் அரால்டைட், சம அளவு கலந்து. குழாயோட வெளிப்பக்கத்தை 220 உப்புத்தாளால சொறசொறப்பாக்கி, தின்னர் தொட்ட துணியால துடைச்சுட்டு ஒட்டுங்க. ராத்திரி முழுக்க அசையாம விடணும். அஞ்சு நிமிஷ ரகம் எடுத்தா வேலை சீக்கிரம் முடியும், ஆனா வெயில்ல நின்ன கார் டேஷ்போர்டு மாதிரி சூட்டுல இளகிடும். ஃபெவிக்விக் வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு: அதோட ஆவி முத்துமேல வெள்ளையாப் படியும், துடைச்சாலும் மினுமினுப்பு திரும்பாது. வாய்ப்பக்கம் பசை வழிஞ்சு சிலிகான் மேல படாம இருக்க, ஒட்டும்போது குழாய் வாயில ஒரு மெழுகுச் சொட்டு வெச்சுக்குங்க, காய்ஞ்சதும் ஊசிமுனையால எடுத்துடலாம்.

பென்சில் ரப்பர் உருக்கினதுக்குக் காரணம்: இப்ப கடையில வர்ற ரப்பர் பெரும்பாலும் பிவிசி. அதை மெத்துமெத்துன்னு வெக்கிற எண்ணெய் கசிஞ்சு பிளாஸ்டிக்கை இளக்கிடும். ஜியோமெட்ரி பாக்ஸ்ல ரப்பரும் ஸ்கேலும் ஒட்டிக்கிட்டு கிடக்குமே, அதே வேலைதான். வாஷர் விஷயம் வேற. அது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தின ரப்பர். கந்தகம் பட்டா பித்தளை, செம்பு, வெள்ளி மூணுமே கறுக்கும். பாலிஷ் போட்டாலும் மறுபடி வரும், ஏன்னா மூலம் உள்ளேயே உக்காந்திருக்கு. சிலிகான்ல ரெண்டு தொல்லையும் இல்ல.

சாமான்: மணி, பூ மூடி, முத்து எல்லாம் சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெரு, காசி செட்டித் தெருவுல. மொத்தமா எடுத்தாத்தான் கட்டும். முத்தைக் கையில எடுத்துத் துளையைப் பார்த்து வாங்குங்க, ஒரே பாக்கெட்டுலயே துளை கோணல் உள்ளது கலந்திருக்கும். சிலிகான் கயிறு ஓ-ரிங், கேஸ்கெட் விக்கிற கடையில மீட்டர் கணக்குல வெட்டிக் கொடுப்பாங்க. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவுல கேளுங்க. "சிலிகான்"னு அழுத்திச் சொல்லலேன்னா கறுப்பு ரப்பர் கயிறு கைக்கு வந்துடும்.

ஊசிமுனை

மூடியைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, ஊசியைப் பத்தி யாரும் பேசல. 20 செ.மீ. ஊசி எதுக்கு? தொப்பியோட மண்டைப்பகுதி அகலம் 16 செ.மீ. இருந்தா ஊசி 17.5 போதும். மூடிக்குள்ள போறதுக்கு 1 செ.மீ., துணி கனத்துக்கு அரை செ.மீ. மிச்சம் நீட்டிக்கிட்டு நிக்கிற இரும்புதான் பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுக்கு ஆபத்து. மூடி ஒரு நாள் விழத்தான் செய்யும், அப்ப எவ்வளவு நீளம் வெளியே இருக்குன்னுதான் கணக்கு. இது பழைய வழக்கு. பெரிய தொப்பி ஃபேஷனா இருந்த காலத்துல டிராமிலயும் நடைபாதையிலயும் ஊசி குத்தின புகார் பெருகி, சிகாகோ நகர மன்றம் 1910-ல ஊசி தொப்பியை விட்டு அரை இஞ்சுக்கு மேல நீட்டக் கூடாதுன்னு சட்டமே போட்டது. மீறினா 50 டாலர் வரை அபராதம். முனை மூடி பரவலானதும் அந்தக் காலகட்டத்துலதான்.

வெட்டினா முனையைத் திரும்பச் சீவணும். கம்பியைக் கையால உருட்டிக்கிட்டே 400 உப்புத்தாள், அப்புறம் 800, கடைசியில 1200. நீளவாக்குல தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத வரி வரியா நிக்கும், அது ஒவ்வொரு தடவையும் சிலிகானை அறுக்கும். முனையில கொக்கி மாதிரி பிசிறு இருக்கான்னு பார்க்க நைலான் சாக்ஸ்ல குத்தி இழுங்க. நூல் வந்தா பிசிறு இருக்கு. பிசிறு உள்ள ஊசி சிலிகானுக்குள்ள ஓட்டை தோண்டிடும்; அதுக்கப்புறம் எந்த மூடியும் நிக்காது, சிலிகான் மேல பழி போடாதீங்க.

ரொம்பக் கூர்மையும் தேவையில்ல. வைக்கோல், சினாமே (தொப்பி செய்ற நார்த் துணி), ஃபெல்ட் எதுவா இருந்தாலும் நுனி லேசா உருண்டிருந்தாலே நுழையும்.

இன்னொண்ணு, தலையில முத்தை ஈயப்பற்று வெச்சு ஒட்டுறீங்கன்னா சூடு கம்பிக்கு ஏறாமப் பார்த்துக்குங்க. கம்பி ரொம்பச் சூடாச்சுன்னா பதம் போயிடும், கொண்டைக்குள்ள போகும்போதே வளையும். தலைக்கும் அரால்டைட்டே போதும்.

பெரம்பூர் தொப்பி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். கடல் பக்கம் இருக்கிற கஸ்டமருங்க ஊசி துரு பிடிக்குதுன்னு சொல்றாங்க, அதுக்கும் மூடிக்கும் சம்பந்தம் உண்டா? அப்புறம், மூடி எவ்வளவு பிடிப்பா இருந்தா போதும்னு எப்படி அளக்கிறது? இதே டிசைன்ல ஹிஜாப் ஊசிக்கும் கேக்குறாங்க, அது மெலிசு.

கம்பிப் பட்டறை

சம்பந்தம் உண்டுங்க. ராயபுரம், காசிமேடு காத்துல சாதாரண ஸ்டீல் தாங்காது. துரு ஏறின இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகி சிலிகானைத் தின்னுடும். 304 ஸ்டெயின்லெஸ், ஸ்பிரிங் கம்பின்னு கேட்டு வாங்குங்க; வளைச்சு விட்டா திரும்பி நேரா வரணும். கனத்தைக் கேஜ்ல சொல்லுவாங்க. 19 கேஜ் 1 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. உங்க குழாய்க்கு 19 தான். 18-ஐ மாட்டினா சிலிகான் கிழியும். எண்ணெய் தடவ வேண்டாம், தொப்பியில கறை விழும். மெழுகுவர்த்தியை ஊசிமேல ஒரு தடவை இழுத்துத் துணியால துடைச்சாப் போதும், மாட்டும்போதும் சுகமா ஏறும்.

பிடிப்பை அளக்க, மூடி கீழே இருக்கிற மாதிரி ஊசியைத் தூக்கிப் பிடிச்சு, மூடியில நூல் கட்டி 200 கிராம் எடைக்கல்லைத் தொங்க விடுங்க. ஒரு நிமிஷம் நிக்கணும். ஆனா 1 கிலோ தாங்குற மூடி நல்ல மூடி இல்ல. கழட்டும்போது பலமா இழுப்பாங்க, சடக்குன்னு வரும், ஊசி அடுத்த கையில ஏறும். கழட்டுறவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க: நேரா இழுக்காம லேசாத் திருகிக்கிட்டே எடுக்கணும்.

எடையையும் பாருங்க. நான் சொன்ன அளவுல அக்ரிலிக் முத்தோட மொத்தமே 2 கிராமுக்குள்ள வரும். கல் பதிச்ச பெரிய பூ வெச்சு 5, 6 கிராம் ஆக்கினா முனைப்பக்கம் தொங்கி ஊசி தொப்பிக்குள்ள சுத்தும். அலங்காரம் எப்பவும் தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

மண்ணடி ஃபேன்ஸி

ஹிஜாப் ஊசிக்கு இந்தக் குழாய் வேண்டாங்க அக்கா. அந்த ஊசி 0.6, 0.7 மி.மீ. தான் இருக்கும், இவ்ளோ பெரிய மூடி துணியை இழுத்துச் சுருக்கிடும். கம்மல் பின்னாடி போடுற சிலிகான் புஷ் கரெக்டா உக்காரும். ஒளிபுகாத ரகத்துல, தட்டு வெச்ச மாடல் எடுத்து, சின்ன மூடின பூ கேப்புக்குள்ள சொருகி, கேப்போட இதழை பிளேயரால உள்ளே மடக்குங்க. பசையே தேவையில்ல. கேப்போட அடி மூடி இருக்கணும், அதுதான் தடுப்பு. நடுவுல ஓட்டை உள்ள பூ கேப்பை எடுத்தீங்கன்னா உங்க பழைய பிரச்சினையே திரும்ப வரும்.

இதே புஷ்ஷை 1 மி.மீ. தொப்பி ஊசிக்குப் போட்டா முதல் நாள் கெட்டியாப் பிடிக்கும். அப்புறம் விரிஞ்சு லூசாயிடும். டிராமாக்காரங்களுக்கு ஒரு நாள் வேலைன்னா ஓகே, கல்யாண ஆர்டருக்கு வேண்டாம்.

ஸ்கூல் டிராமாவுக்குப் போறதுல ஒரு சின்னச் செயின் சேர்த்துடுங்க. மூடியோட அடிப் பூ மூடிக்குக் கீழே ஒரு வளையம், அதிலிருந்து 4 செ.மீ. மெல்லிய செயின், நுனியில குட்டி ஊக்கு. ஊக்கைத் தொப்பி ரிப்பன்ல குத்திட்டா மூடி கழண்டாலும் மேடையில உருளாது. வளையத்தோட வாயை ஈயம் வெச்சு மூடணும், சும்மா நெருக்கி விட்டா செயின் அந்தச் சந்து வழியா நழுவிடும். ஒரு பாக்கெட்டுல ரெண்டு மூடி கூடுதலாப் போட்டுக் கொடுங்க, சிலிகான் எப்படியும் ஒரு நாள் தளரும், கஸ்டமர் அதுக்காகத் தொப்பியையே தூக்கிக்கிட்டுக் கடைக்கு வர வேண்டாம்.