யூரின் ட்யூப் எடுக்குற வரைக்கும் ஆன்டிபயாடிக் வேணுமா, ஒரு ஊசி போதுமா?

குழப்பவாதி:
அப்பாவுக்கு அடுத்த வாரம் ப்ராஸ்டேட் ஆபரேஷன், வயித்தக் கிழிக்காம சிறுநீர்ப் பாதை வழியா கருவிய விட்டு சுரண்டி எடுக்குறது. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு. ஆனா சித்தப்பாவுக்கு இதே ஆபரேஷன் பண்ணப்போ ட்யூப் இருந்த அத்தனை நாளும் மாத்திரை குடுத்தாங்க. எது சரி?

மருந்துப்பெட்டி:
உங்க டாக்டர் சொல்றதுதான் சரி. அமெரிக்க யூராலஜி சங்கத்தோட 2019 அறிக்கையும் பெரும்பாலும் இதத்தான் சொல்லுது, ஆபரேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து ரத்தத்துல ஏறியிருக்கணும், 24 மணி நேரத்துக்கு மேல இழுக்க வேணாம். ட்யூப் மேல கிருமிங்க ஒரு வழவழப்பான படலம் கட்டி அதுக்குள்ள உக்காந்துக்கும், மாத்திரை அங்க சரியா எட்டாது. அப்புறம் லேசான கிருமி செத்து, மருந்துக்கு அடங்காத கிருமி மட்டும் மிஞ்சும், பின்னாடி நிஜமாவே காய்ச்சல் வந்தா வழக்கமான மருந்து கேக்காம போகலாம்.

கல்லடைச்சான்:
படிக்க நல்லாத்தான் இருக்கு சார், பட்டவனக் கேளுங்க. எனக்கு கல்லு எடுத்துட்டு ஸ்டென்ட்டும் (யூரின் இறங்க உள்ளயே வைக்கிற மெல்லிசு குழல்) ட்யூபும் வச்சாங்க, மாத்திரை கிடையாது, ட்யூப் எடுத்த அன்னைக்கு சாயங்காலமே குளிர் தூக்கிப் போட்டுச்சு, திரும்ப அட்மிட், கையில ட்ரிப். இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்ல, 2013ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 7 ஆய்வ சேத்துப் பாத்திருக்காங்க, ட்யூப் எடுக்குறப்போ ஆன்டிபயாடிக் குடுத்தவங்களுக்கு இன்ஃபெக்ஷன் பாதிக்குப் பாதி கம்மி. இதுக்கு என்ன சொல்றீங்க?

மருந்துப்பெட்டி:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும் ப்ரோ. அது ட்யூப் எடுக்குற நேரத்துல குடுக்குற சின்ன கோர்ஸ் பத்தினது, ட்யூப் இருக்குற நாள் முழுக்க முழுங்குறது பத்தி இல்ல. அதுலயும் ஒருத்தருக்கு இன்ஃபெக்ஷன் தடுக்க 17 பேருக்கு மருந்து குடுக்கணும்னு கணக்கு வருது, அதனால எல்லாருக்கும் வேணாம், ரிஸ்க் இருக்குறவங்களுக்கு யோசிக்கலாம். சரி, உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர், அதாவது யூரின்ல என்ன கிருமி இருக்குன்னு வளத்துப் பாக்குற டெஸ்ட், எடுத்தாங்களா?

கல்லடைச்சான்:
சாதா யூரின் டெஸ்ட்தான் எடுத்தாங்க. கல்ச்சர் எடுக்கல.

மருந்துப்பெட்டி:
அங்கதான் கோளாறே இருந்திருக்கலாம். சில கல்லுக்குள்ளயே கிருமி இருக்கும், உடைக்கிறப்போ வெளிய வரும். மத்தவங்களுக்கு எரிச்சல் காய்ச்சல் எதுவும் இல்லாம யூரின்ல கிருமி தெரிஞ்சா பெரும்பாலும் மருந்து குடுக்க மாட்டாங்க, ஆனா சிறுநீர்ப் பாதையோட உள் தோல் கிழியுற மாதிரி ஆபரேஷன்னா அது கதையே வேற, முன்கூட்டியே கல்ச்சர் பாத்து, அந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யுதோ அதக் குடுத்துட்டுதான் உள்ள போகணும். இத விட்டுட்டு அப்புறம் ஏழு நாள் மாத்திரை குடுக்குறதுல என்ன பிரயோஜனம்?

கல்லடைச்சான்:
கல்ச்சர் எடுக்கணும்ங்கிறத ஒத்துக்குறேன். ஆனா வயசானவர், சுகர் இருந்தா, அவருக்கு ட்யூப் எடுக்குற அன்னைக்காவது ஒரு டோஸ் குடுங்கன்னு நான் கேப்பேன். 17ல அந்த ஒருத்தன் நானா இருந்தா?

வார்டு அக்கா:
ரெண்டு பேரும் மாத்திரையிலயே நிக்கிறீங்க, பைய யாரு பாக்குறது? நான் வார்டுல தினமும் பாக்குறேன், நடக்குறப்போ யூரின் பைய இடுப்புக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டுப் போவாங்க, பையில இருந்த பழைய யூரின் திரும்ப உள்ள இறங்கும். பை எப்பவும் அடிவயித்துக்குக் கீழ தொங்கணும், ஆனா தரையில படக்கூடாது. பையும் ட்யூபும் சேர்ற இடத்த சும்மா சும்மா கழட்டக்கூடாது, கிருமி நுழைய அதுவே வாசல். ரொம்ப நிரம்ப விடாம காலி பண்ணுங்க, முன்னாடியும் பின்னாடியும் கை கழுவுங்க. ட்யூப் நுழையுற இடத்த சோப்பு தண்ணியில கழுவினா போதும், தினமும் ஆன்டிசெப்டிக் ஊத்தித் தேய்ச்சா புண்ணுதான் ஆகும். எல்லாத்துக்கும் மேல, ட்யூப் எப்ப எடுப்பீங்கன்னு தினமும் கேளுங்க தம்பி, ட்யூப் இருக்குற ஒவ்வொரு நாளும் 100ல 3லருந்து 7 பேருக்குப் புதுசா யூரின்ல கிருமி சேருது.

குழப்பவாதி:
நன்றிக்கா. ட்யூப் எடுத்த பிறகு எரிச்சல் இருந்தா இன்ஃபெக்ஷன்னு எடுத்துக்கலாமா?

மருந்துப்பெட்டி:
எரிச்சல மட்டும் வச்சு சொல்ல முடியாது. சுரண்டின இடம் ஆற சில வாரம் ஆகும், அதுவரைக்கும் எரிச்சல், அடிக்கடி போறது, டெஸ்ட்ல சீழ் செல் எல்லாம் தெரியும். ரிப்போர்ட்ட பாத்துட்டு நீங்களா கடையில மாத்திரை வாங்கிக் குடுத்துடாதீங்க.

கல்லடைச்சான்:
அதுக்குன்னு எல்லாத்தையும் எரிச்சல்னு விட்டுடாதீங்க. 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தக்கட்டி அடைச்சு யூரின் வராம போறது, ஆள் திடீர்னு பெனாத்துறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியே கூட்டிட்டுப் போங்க.

குழப்பவாதி:
கல்ச்சருக்கு இன்னைக்கே குடுத்துட்டு வந்துட்டோம். அப்பாவுக்கு சுகர் இருக்கு, அதனால ட்யூப் எடுக்குற அன்னைக்கு டோஸ் வேணுமான்னு ரிசல்ட்டோட போய் டாக்டர்கிட்டயே கேக்குறேன்.

கல்லடைச்சான்:
கேளுங்க. வேணாம்னு சொன்னா ஏன் வேணாம்னும் கேளுங்க.