வீட்டுப் பெரியவர்கள் விழுந்த கதை: கடைசியில் காரணம் என்று எது தெரிந்தது?

உறையூர்க்காரி:

அம்மா முதல் தடவை விழுந்தது 2021 மார்கழியில். விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது ஈரத்தில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு, ஆறு வாரம், கட்டைப் பிரித்தார்கள், அவ்வளவுதான். அப்போது அம்மாவுக்கு 68 வயது. மார்கழி ஈரத்தில் யார்தான் வழுக்க மாட்டார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்துக் கூடத்தில், காய்ந்த தரையில், கால்மிதியின் ஓரம் தடுக்கி மறுபடி விழுந்தார். இந்த முறை இடுப்பு.

ஆபரேஷனுக்கு முன்னால் எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி எங்கேயாவது எலும்பு முறிஞ்சிருக்கா?" என்பதுதான். மணிக்கட்டைச் சொன்னேன். "அப்பவே எலும்பு அடர்த்தி பார்த்திருக்கணும்மா" என்றார். நின்ற நிலையிலிருந்து சும்மா தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், எலும்பு உள்ளே மெலிந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். பலருக்கு முதலில் காட்டிக்கொடுப்பது மணிக்கட்டுதான், இடுப்பு பின்னால் வரும். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "வயசாச்சு, விழத்தான் செய்வாங்க." எனக்கு அது ஒப்பவில்லை. அதே வயதில் எதிர்வீட்டு அத்தை மாடிப்படி ஏறி வடாம் காயவைக்கிறாரே? உங்கள் வீட்டில் யாராவது விழுந்திருந்தால், தோண்டிப் பார்த்ததில் காரணம் என்னவாக இருந்தது, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மாஜி கண்டக்டர்:

விழுந்தவனே எழுதுகிறேன். வயது 74, ஊர் மதுரை. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கையை விட்டு நின்று டிக்கெட் கிழித்தவன். திருப்பத்தில்கூட சாய்ந்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவன் போன ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்குக் கக்கூஸ் வாசலில் பொத்தென்று விழுந்தேன். நெற்றியில் நாலு தையல். தடுக்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை. கட்டிலை விட்டு எழுந்தேன், கண் இருட்டியது, அடுத்து தெரிந்தது மகளின் அலறல்.

தலையில் ஸ்கேன் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், எல்லாம் சரி. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் என்னைப் பெஞ்சில் ஐந்து நிமிஷம் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி உடனே ஒரு தடவை, மூன்று நிமிஷம் கழித்து ஒரு தடவை. படுத்திருந்தபோது மேல் அளவு 142. நின்றதும் 108. 20 புள்ளிக்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம், எனக்கு 34. அது வரைக்கும் எந்த இடத்திலும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் நான் ராஜா.

அப்புறம் "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோய்க் கொட்டினால் ஒன்பது வகை. பிரஷருக்கு இரண்டு, அதில் ஒன்று நீர் மாத்திரை. புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஒருவர் எழுதியது, தூக்கத்துக்கு இன்னொருவர் எப்போதோ எழுதி நானே கடையில் வாங்கித் தொடர்ந்தது. புரோஸ்டேட் மாத்திரை நிற்கும்போது பிரஷரை இறக்கும். தூக்க மாத்திரை காலைத் தள்ளாடவைக்கும். ஒவ்வொரு டாக்டரும் எழுதியது அவரவர் கணக்கில் சரிதான், மொத்தக் கணக்கைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டார். நீர் மாத்திரையை மாற்றினார். இப்போது ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை இருபது தடவை ஆட்டிவிட்டுத்தான் நிற்பேன். பழக்க தோஷம், மனதுக்குள் "ரைட்" சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பையோடு போய்க் காட்டுங்கள்.

தையல் மிஷின்:

என் மாமியாருக்குக் காதுக்குள்ளே கல் நகர்ந்த தலைசுற்றல். படுக்கையில் புரண்டால் உத்தரம் சுற்றும், அரை நிமிஷத்தில் நிற்கும். அந்த அரை நிமிஷத்தில்தான் இரண்டு தடவை விழுந்தார். ஒரு வருஷம் "பித்தம்" என்று சுக்குக் கஷாயம் குடித்தோம். காது மூக்கு தொண்டை டாக்டர் தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, மெதுவாக மறுபக்கம் புரட்டி உட்காரவைத்தார். எப்லி முறை என்று பெயர். பத்து நிமிஷ வேலை, மாத்திரை கிடையாது. மறு வாரம் இன்னொரு தடவை செய்தார். அதோடு போயிற்று.

பிரண்டைப் பிரியன்:

உறையூர் அக்கா, எலும்புக்கு நம் பிரண்டையை விட மருந்து உண்டா? எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் பிரண்டைத் துவையல், காலையில் கேழ்வரகுக் கூழ். அப்பாவுக்கு 80 வயது, ஒரு எலும்பும் முறியவில்லை. இந்த அடர்த்தி டெஸ்ட் எல்லாம் வீண் செலவு.

நைட் ட்யூட்டி:

பிரண்டை அண்ணா, துவையலை எனக்கும் பிடிக்கும், நல்லெண்ணெய் விட்டு. ஆனால் முறிந்து வந்தவருக்கு அது மட்டும் போதாது. உங்கள் அப்பாவுக்கு முறியாததற்கு அவர் இத்தனை வருஷம் வெயிலில் நடந்து வேலை செய்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் எலும்பு முறிவு வார்டில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். எங்கள் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். இடுப்பு முறிந்து வருகிறவர்களைப் பொறுத்தவரை எலும்பை விடப் படுக்கைதான் பெரிய எதிரி. நாள் கணக்கில் மல்லாந்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, முதுகின் அடியில் புண். அதனால்தான் உடம்பு தாங்கும் என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷனை முடிக்கப் பார்க்கிறோம், மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைக்கிறோம். வீட்டு ஆட்கள் அங்கேதான் சண்டைக்கு வருவார்கள். "நேத்துதான் கத்தி வெச்சீங்க, இன்னிக்கே நிக்கச் சொல்றீங்களே, மனுஷங்களா நீங்க?" பாட்டியும் நம்மைத் திட்டிக்கொண்டேதான் நிற்பார். திட்டுகிற பாட்டிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அது என் அனுபவம்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த இரவில் நிறையப் பேருக்குப் புத்தி குழம்பும். செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார்கள், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார்கள். பிள்ளைகள் பயந்து "அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சா சிஸ்டர்?" என்று அழுவார்கள். பெரும்பாலும் அது தற்காலிகக் குழப்பம். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சோடியம் இறங்குவது என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும், அதைச் சரிசெய்தால் தெளிந்துவிடும். அதனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நான் முதலில் கேட்பது, "கண்ணாடி எங்கே? காது மிஷின் எங்கே? பல்செட் எங்கே?" என்றுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று அதையெல்லாம் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். கண்ணும் தெரியாமல், காதும் கேட்காமல், தெரியாத இடத்தில் இரவில் விழித்தால் நமக்கே குழம்பாதா?

கம்பம் பேரன்:

எங்கள் கதை நல்லபடியாக முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பாட்டி தோட்டத்தில் விழுந்ததும் கட்டுக் கட்டுகிற வைத்தியர் ஒருவரிடம் தூக்கிப்போனோம். மூங்கில் பத்தை, முட்டைப் பத்து, அசையாமல் படுக்கச் சொன்னார். ஐந்து வாரம் படுக்கை. கால் ஒரு பக்கம் திரும்பி, குட்டையாகத் தெரிந்ததை எல்லாரும் பார்த்தோம், ஒருவருக்கும் புரியவில்லை. இடுப்பு முறிந்ததன் அடையாளம் அதுதான் என்று பிறகு சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதுகுப் புண் உள்ளங்கை அகலம் இருந்தது, நெஞ்சில் சளி. அந்த உடம்புக்கு மயக்கம் கொடுக்க முடியாது என்றார்கள்.

அதன் பிறகு பாட்டி நடக்கவே இல்லை. ஒன்றே முக்கால் வருஷம் இருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிஸியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கே வந்தார், புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸம்மாவும் வருவார். காற்று மெத்தை வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் அம்மாவும் புரட்டிப் போட்டோம். ராத்திரி எனக்கு, பகல் அம்மாவுக்கு. புண் ஆறிவிட்டது. கடைசி ஆறு மாதம் தலையணை வைத்து உட்காரவைத்தால் திண்ணை வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிப்பார். முதல் நாளே எக்ஸ்ரே எடுத்திருந்தால் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எடுத்திருக்க வேண்டும்.

மாஜி கண்டக்டர்:

தம்பி, புண்ணை ஆற்றினீர்களே. ராத்திரி எழுந்து புரட்டிப் போட்ட பேரன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்.

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. கண்டக்டர் ஐயா சொன்ன மாதிரி நேற்று அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. நல்ல வேளை, ஒன்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். வர்ற புதன்கிழமை பையோடு போகிறோம்.

அம்மா இப்போது தேறிவிட்டார். கால்மிதிகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. குளியலறையில் சுவரில் துளை போட்டுக் கைப்பிடி வைத்தோம். துண்டு மாட்டுகிற கம்பியைப் பிடித்து எழுந்திருக்கும் வேலை இனி இல்லை, அது கையோடு வந்துவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்த அம்மா சம்மதிக்கவில்லை. சரி என்று குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு உள்ளே போவது என்று ஒப்பந்தம்.

பிஸியோதெரபி பெண் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டவைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவுக்குப் புரியவே இல்லை. "அடிப்பிரதட்சிணம் மாதிரி பாட்டி" என்றதும் டக்கென்று பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சமையல் மேடை இருக்கும், பிடித்துக்கொள்ள நானும் நிற்பேன். போக ஒன்று, வர ஒன்று, வெக்காளியம்மனுக்குப் பதினோரு சுற்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தினமும் பத்து. முதல் வாரம் மூன்றுக்கே மூச்சு வாங்கியது.

எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், காபி குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது. இதைச் சொன்னபோது டாக்டரிடம் அம்மா, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ் போடுவார்களாமே, அதைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஊசி வலியை விட ஞாயிற்றுக்கிழமைக் காபிதான் பெரிது. முதலில் மாத்திரையே பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு இருபத்தைந்துக்கு, "டிகாஷன் இறங்கிடுச்சான்னு பாரு" என்று குரல் வரும்.