பிரெய்ரிப் புல், மண், மசி: நிலக்காட்சி செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பிளின்ட் ஹில்ஸ் புல்வெளியை (பிரெய்ரி) அந்தப் புல்லாலேயே பலகையில் ஒட்டுப்படமாகக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. செப்டம்பர் கடைசியில் தொடங்கிச் சில வாரங்கள்தான் நல்ல பருவம். அங்குள்ள புல்வகைகளில் பிக் புளூஸ்டெம் ஆளுயரம் தாண்டி நிற்கும், கதிர் பெரும்பாலும் மூன்று விரலாகப் பிரிந்திருக்கும். லிட்டில் புளூஸ்டெம் இடுப்பளவுதான் வளரும், ஆனால் அந்தச் செம்பு நிறம் அதனிடம்தான் கிடைக்கும். கோடையில் பச்சையாக வெட்டினால் வெளிச்சம் பட்டுப் பட்டு எல்லாமே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். விதை முற்றியபின் வெட்டினால் கதிர் உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும்.

பத்துப் பதினைந்து தண்டாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள், நூல் வேண்டாம். காயக் காயத் தண்டு சுருங்கும். நூல்கட்டு தளர்ந்து தண்டுகள் நழுவிவிடும், ரப்பர் கூடவே இறுகிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள இருட்டறையில் 2–3 வாரம் தலைகீழாகத் தொங்கட்டும். பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு −18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த புல்லில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

எங்கே வெட்டுவது என்பதில் சமரசமே கூடாது. உயர்புல் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 4 சதவீதம், அதிலும் பெரும்பகுதி பிளின்ட் ஹில்ஸில்தான். சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும் ஏரை விடவில்லை, அதனால் பிழைத்த நிலம் அது. ஸ்ட்ராங் சிட்டி அருகிலுள்ள தேசியப் பாதுகாப்பகத்திலோ கோன்சா ஆய்வு நிலத்திலோ ஒரு கதிரைக்கூடக் கிள்ளாதீர்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்டு வெட்டலாம். தோட்டத்தில் நாமே நட்டு வளர்ப்பது இன்னும் நல்லது.

—

புல்லைப் பற்றி மேலே விரிவாகவே வந்துவிட்டது. மண் சாயம் பற்றி நான் சேர்க்கிறேன்.

புல்வெளியின் கருப்பு மேல்மண் பார்க்க அழகு, சாயத்துக்குச் சிக்கல். மக்கிய இலைதழை அதிகம், களிமண்ணும் அதிகம். தடிமனாகப் பூசினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை கொடுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் தெற்குக் கன்சாஸில் மெடிசின் லாட்ஜ் பக்கத்து மண் சரியாக வரும், இரும்பு ஆக்சைடு நிறைந்தது. மஞ்சள் மண் கிடைத்தாலும் போதும். பழைய இரும்புச் சட்டியில் வீட்டுக்கு வெளியே 300 டிகிரி வரை வறுத்தால் நீர் வெளியேறிச் செங்காவியாக மாறும்.

காய்ந்த மண்ணை இடித்து வாளித் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். கலங்கல் இரவு முழுக்கத் தெளியட்டும். தெளிநீரை இறுத்து, வண்டலைக் காயவைத்தால் அதுதான் சாயப்பொடி. அது தாளில் ஒட்டப் பிசின் கரைசல் வேண்டும்: கருவேலம் பிசின் பொடி ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு, ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 மி.லி.க்கு 15 மி.லி. தேனும் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெயும் சேர்க்கவும். சாயப்பொடியும் கரைசலும் சம அளவில் தொடங்கி, கண்ணாடிப் பலகையில் நெருநெருப்பு நிற்கும்வரை அரைக்க வேண்டும், தோசை மாவுப் பதம்.

காய்ந்த பூச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து உரிந்தால் பிசின் கூடிவிட்டது. வேறு வேறு மண்ணுக்கு வேறு வேறு அளவு, ஒவ்வொன்றுக்கும் சோதனைப் பட்டை போடாமல் தொடங்காதீர்கள்.

—

கோடு வரையும் வேலைக்கு இரண்டு பொருள்.

கருப்பு வால்நட் காயின் வெளித்தோல்: இலையுதிர் காலத்தில் விழும். கருத்துப்போன தோலை இரும்புப் பாத்திரத்தில் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு 2–3 மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவைத்து வடிகட்டினால் அடர்ந்த பழுப்பு மசி. கையுறை கட்டாயம், கறை பல நாள் போகாது.

கரி: வில்லோ குச்சிகளைத் தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஒரே ஒரு ஆணித் துளை போட்டு நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, முழுதும் ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி சாம்பலாகிவிடும்.

—

பொருளைவிடப் படத்தைக் கெடுப்பது அடிவானம். நடுவில் கோடு இழுத்தால் அது எந்த ஊர் வயலாகவும் தெரியும். அடிவானத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, வானத்தைத் தாளின் வெண்மையாகவே விடுங்கள். முன்னால் நிற்கும் பிக் புளூஸ்டெம் கதிர் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போகட்டும். அங்கே நிற்பவர் கண்ணுக்குப் புல் அப்படித்தான் தெரியும். தூரத்துக் குன்றுக்கு மண் சாயம் மட்டும் போதும், நடுத்தூரத்துக்கு லிட்டில் புளூஸ்டெம் நுனி, முன்னால்தான் முழுத்தண்டு.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளை 6 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டி, பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் பலகை வளையும். சாயம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புல். ஃபெவிக்கால் மாதிரியான வெள்ளைப் பசையை நீர்க்காமல் குண்டூசி முனையால் தொட்டுவைக்கவும். நீர்த்த பசை தண்டைச் சுருட்டும், பிசின் சாயத்தையும் கரைத்துவிடும். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் புத்தகப் பாரம், ஒரு நாள். கதிரை மட்டும் அமுக்காதீர்கள், அது புடைத்து நிற்பதில்தான் உயிர் இருக்கிறது. சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் கதிருக்கும் இடையே 1 செ.மீ. இடைவெளி விட வேண்டும்.

—

பலகையில் அல்லாமல் தரையிலேயே பெரிய உருவம் செய்ய நினைப்பவர்கள், கன்சாஸின் அட்சிசன் ஊரில் ஓவியர் ஸ்டான் ஹெர்டு 1997-இல் அமைத்த விமானி அமேலியா ஏர்ஹார்ட் உருவத்தைப் பாருங்கள். கல்லும் உயிருள்ள செடிகளும் கொண்டு சுமார் ஒரு ஏக்கரில் சரிவில் அமைத்தது. சரிவாக இருப்பதால் எதிரே நின்றே பார்க்க முடிகிறது. சமதரையில் செய்தால், பார்ப்பவர் நிற்குமிடம் தாழ்வாக இருக்க இருக்க உருவத்தைப் பார்வைத் திசையில் அதிகம் நீட்ட வேண்டும். 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்று கட்டம் போட்டு, முளையும் கயிறும் அடித்துவிட்டு, பார்க்கும் இடத்திலிருந்து போட்டோ எடுத்துச் சரிபார்த்த பிறகே புல்லை வெட்டத் தொடங்குங்கள். வெட்டிய புல் அந்தப் பருவத்தில் திரும்ப அதே உயரத்துக்கு வராது.